லைன்மேன் என் காலுக்கு வைத்த கரண்ட்

2025 மே 14, புதன்கிழமை. பள்ளிக்குக் கோடை விடுமுறை. நான் தாமலில் அண்ணன் வீட்டில் இருந்தேன். வழக்கம்போல விடியும் முன்பே எழுந்து குளித்து, முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். ஒரு நாளை மறுநாள் காலையில்தான் எழுதுவேன். அன்றன்றைக்கே எழுதினால் கோபதாபங்களும் சேர்ந்துகொள்கின்றன. பிறகு பழைய சோறு, மாங்காய். வெயில் ஏறுவதற்குள் அண்ணி கஸ்தூரியோடு கடலைக் கொல்லைக்குப் போனேன். வேர்க்கடலைச் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். காயை ஆய்ந்து கூடையில் போடுவது பெண்களின் வேலை.

நான் குடியிருப்பது உத்திரமேரூரில். திருமுக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. நாற்காலிக்குப் பழகிய உடம்பு. அண்ணிக்கு அது தெரியும்.

"டீச்சரம்மாவுக்கு சேர் எடுத்தாரச் சொல்லட்டா? இல்ல எங்களாட்டம் குந்துவீங்களா?"

"குந்துனா இன்னா? நானும் இந்த ஊர்ல பொறந்தவதானே."

"பொறந்தது சரி. குந்தி எத்தினி வருசம் ஆவுது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் அவ்வப்போது எழுந்தார்கள். தண்ணீர் குடிக்க, வெற்றிலை போட, சும்மா ஒரு காலை நீட்டிக்கொள்ள. பழகிய உடம்புக்கு எப்போது அசைய வேண்டும் என்று தெரியும். நான் எழுந்தால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேன். மதியத்துக்கு முன்பே இடது கால் மரத்துப்போனது. மரத்துப்போனால் வலி தெரியாது, நல்லதுதான் என்று காயை ஆய்ந்துகொண்டே இருந்தேன். சாப்பாட்டுக்குக்கூட அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என் கூடை அண்ணியின் கூடையைவிட உயரமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் எழுந்தேன். இடது கால் எழுந்தது, பாதம் எழவில்லை. அடி எடுத்து வைத்தபோது குதிகாலுக்கு முன்பே விரல்கள் தரையில் விழுந்து 'பட்' என்று அறைந்தன. இன்னோர் அடி. இன்னொரு 'பட்'.

"இன்னாடி இது, தாளம் போட்டுக்கினு நடக்கற?" என்று அண்ணி சிரித்தாள். வரப்பில் விரல் தடுக்கி நான் முன்னால் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலும் பாதம் அப்படியே தொங்கியது. வலி இல்லை. பாதத்தின் மேற்புறம் தொட்டால் துணி சுற்றித் தொடுவதுபோல் இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு மெதுவான குரலில் 'வாதம்' என்றார்கள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று ஒருவர் புறாவுக்கே சொல்லிவிடப் பார்த்தார். அதற்குள் என் கணவர் வண்டியில் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் ஏகாம்பரம். லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி இறங்கியே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். "புறாவ வுடுங்கப்பா, அது இன்னா பண்ணுச்சு பாவம்," என்று சொல்லிவிட்டு என்னை முன்னும் பின்னும் நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். 

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த டாக்டர் முதலில் என் காலைப் பார்க்கவில்லை. சிரிக்கச் சொன்னார். இரண்டு கைகளாலும் அவர் விரல்களை இறுக்கச் சொன்னார். என் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்த பிறகே, "பக்கவாதம் இல்லம்மா, தைரியமா இருங்க," என்றார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அடுத்த கேள்வியிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நேத்து ரொம்ப நேரம் குந்தி உக்காந்தீங்களா?"

என்னைப்போல் வீம்புக்கு உட்காருகிறவர்களுக்காக அவர் விளக்கியதை எழுதுகிறேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், விரலால் தடவினால் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அந்த முடிச்சைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அந்த இடத்தில் அதற்கு மேல் சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. தோல் மட்டும்தான். நெடுநேரம் குந்தினால் மடங்கிய முழங்காலில் அது நசுங்கும். நசுங்கினால் பாதம் தொங்கும். இதற்கு 'ஃபுட் டிராப்' என்று பெயர். லேசாக நசுங்கியிருந்தால் சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆழமாக நசுங்கியிருந்தால் முடிச்சிலிருந்து தசை வரைக்கும் நரம்பின் இழைகள் மறுபடி வளர்ந்து வர வேண்டும்.

எந்த அளவு என்று தெரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்துக்கு நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காத்திருக்கும் இடத்தில் எனக்கு முன்னால் நிறையப் பேர். ஏகாம்பரம் கேன்டீனிலிருந்து நாஷ்டா வாங்கி வந்து, என் இலையில் இட்லியைத் தானே பிட்டு வைத்தார். எனக்குக் காலில்தான் கோளாறு, கையில் இல்லை என்று சொன்ன பிறகு நிறுத்தினார். பரிசோதனையில் முழங்காலருகே சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அது பாதம்வரை போய்ச் சேருகிறதா என்று திரையில் பார்க்கிறார்கள். வலது காலில் திரையில் கோடு மலைபோல் எழுந்தது. இடது காலில் தரையோடு தரையாகக் கிடந்தது. ரசீதை ஏகாம்பரம் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொகை எவ்வளவு என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

நரம்பு மருத்துவர் சொன்னது இது. நரம்பு அறுந்துபோகவில்லை, ஆனால் ஆழமாகவே நசுங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். செப்டம்பர் முதல் வாரம் வரை பார்ப்போம். அதற்குள் பாதத்தில் அசைவு தெரியாவிட்டால் சென்னையில் அறுவை செய்து நரம்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். திறந்து பார்த்தாலும் கால் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதுவரை பாதத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஷூவுக்குள் போட்டுக்கொள்ள. கூடவே பிசியோதெரபி.

பிசியோதெரபி அறை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. ஊரில் அதைக் 'கரண்ட் வெக்கிற ரூம்' என்கிறார்கள். அங்கே நிவேதா என்ற பெண் இருந்தாள். என் பழைய மாணவிகளின் வயதுதான். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துணி ஒன்றை முழங்காலுக்கருகில் வைத்துக் கட்டினாள். இன்னொன்றைப் பேனா போன்ற ஒரு முனையில் சுற்றி, கணைக்கால் எலும்புக்கு வெளிப்புறத் தசையில் வைத்தாள்.

"டீச்சர், இது நரம்ப வளர்க்காது. அத மொதல்லயே சொல்லிடறேன்," என்றாள். "நரம்பு வந்து சேர்ற வரைக்கும் தசை மெலிஞ்சு போகாம இருக்கத்தான். இதனால பெருசா பிரயோஜனம் இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் பார்த்தவரைக்கும் நல்லதுதான். ஒவ்வொரு தடவ கரண்ட் வரும்போதும் நீங்களும் பாதத்தத் தூக்கணும். தூங்கிடக் கூடாது."

நரம்பு உயிரோடு இருக்கும் தசைக்குக் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவான ஒரு துடிப்பு போதுமாம். நரம்பு இல்லாத தசைக்கு நீளமான துடிப்பு வேண்டும், அதனால் எரிச்சலும் அதிகம். கட்டெறும்பு கடித்துவிட்டு அங்கேயே இருந்து யோசிப்பதுபோல் இருந்தது. தசை லேசாகச் சுருங்கியது. பாதம் அசையவில்லை.

ஏகாம்பரம் உள்ளே வரவில்லை. என்னை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். "கரண்ட மனுசன்கிட்ட வுடாம பாத்துக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்," என்றார். "அத்த ஒடம்புல வெக்கறத நின்னு பாக்கச் சொல்றியா?"

ஜூனில் பள்ளி திறந்தது. தலைமை ஆசிரியர் என் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என் ஷூவைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஓட்டப் பந்தயத்துல சேந்துட்டீங்களா?" என்றார்கள். பேருந்துப் படியில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் கையால் புடவையோடு சேர்த்துப் பிடித்துக் காலைத் தூக்கினேன். மாலையில் நான் ஊர் திரும்புவதற்குள் கரண்ட் ரூம் மூடிவிடும். அப்போதுதான் நிவேதா, பேட்டரியில் ஓடும் சிறிய கருவியை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். எப்படி வைப்பது என்று வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

"வூட்லயா? முடியாது," என்றார் ஏகாம்பரம்.

"பேட்டரிதாங்க. ஒம்போது வோல்ட்டு," என்றேன்.

"ஒம்போதா?" அவர் பயம் ஒரு நொடியில் ஏளனமாக மாறியது. "அட, கொயந்தைங்க பொம்மைல கீது இது. இத்த வெச்சுக்கினு ஒன் காலு எங்க எந்திரிக்கப்போவுது?"

"அப்ப பயம் இல்லயில்ல? நீங்களே வெய்யுங்க."

மாட்டிக்கொண்டார். நிவேதாவிடம் போய், தள்ளிப்போட்ட பாடத்தைப் படிக்கும் மாணவனைப்போல் கைகட்டி நின்று கற்றுக்கொண்டு வந்தார். முதல் நாள் மாலை, என் காலில் வைப்பதற்கு முன் தன் காலில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் இடது முழங்காலுக்குக் கீழே துணியைக் கட்டி, குறுந்துடிப்பில் வைத்து, குமிழை மெல்லத் திருப்பினார். இரண்டு, மூன்று, நான்கு.

"ஒண்ணியும் காணோம் பாரு, நான் சொன்ன..."

ஐந்தில் அவர் பாதம் துள்ளி எழுந்து அவர் முகத்தைப் பார்த்தது. "எம்மா!" என்று அலறிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். ஏகாம்பரமும் சிரித்துக்கொண்டே மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி பாதம் எழுந்தது. நினைக்காமலேயே எழுந்தது.

"தோ, இதான் மேட்டரு. ஒனக்கும் இதே வெக்கறேன்," என்று அதே துணியை, அதே இடத்தில், அதே ஐந்தில் என் காலில் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு. எட்டு. பன்னிரண்டு. எரிந்தது. பாதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் என் கால் வெறுமனே மரத்துப்போயிருக்கிறது, மெல்லத் தெளியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"லைன் செத்துகீது," என்றார். உடனே தலையை ஆட்டித் தன்னையே திருத்திக்கொண்டார். "இல்ல. ஃபால்ட்டு இங்க கீது." முழங்காலருகே எலும்பு முடிச்சைத் தொட்டார். "கம்பி இங்கேந்து புச்சா இழுக்கணும். ஒரு நாளைக்கு எவ்ளோன்னாரு டாக்டரு?"

"ஒரு மில்லிமீட்டர்."

"இழுப்போம்."

அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று. அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறுவதற்கு முன், லைனை நிறுத்திவிட்டோம் என்று துணை மின்நிலையத்திலிருந்து வாக்கு வாங்க வேண்டும். அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர், அவர்கள் 'எல்.சி.' என்பார்கள். வேலை முடிந்து இறங்கி, 'எல்.சி. ரிட்டன்' என்று வாங்கியவரே தன் வாயால் சொன்ன பிறகுதான் லைனில் மறுபடி மின்சாரம் விட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், அவரோடு வேலை செய்த ஒருவர் கம்பத்தில் இருக்கும்போது, அவர் இறங்கிவிட்டதாக நினைத்து வேறொருவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். மேலே இருந்தவர் பிழைத்தார், ஒரு கை போய்விட்டது. இதை ஏகாம்பரம் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

ஆகவே எங்கள் கூடத்திலும் அதே சட்டம். துணியை நனைத்து, பிழிந்து, கட்டி, கருவியை நீளமான துடிப்பில் வைத்து, தோலில் சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விரலைக் குமிழிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார்.

"எல்.சி. ரிட்டனா?"

"ரிட்டன்," என்று நான் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. 'ம்' செல்லாது.

"ரொம்பத்தான் பண்றீங்க. பேட்டரிதானே?"

"பேட்டரியோ ஹை-டென்சனோ, லைன்ல கீறவங்க சொல்லணும். அதான் ரூலு."

இப்படி ஜூன் போனது, ஜூலையும் போகத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் நிவேதாவிடம் போவோம். தசையின் வலுவுக்கு அவர்கள் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஐந்து என்றால் முழு வலு. ஒன்று என்றால் தசையில் ஒரு சிறு துடிப்பு மட்டும். எனக்கு ஒவ்வொரு வாரமும் பூஜ்யம். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டவள் நான்; அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை. இடது கால் வலது காலைவிட மெலிந்திருப்பது பார்வைக்கே தெரியத் தொடங்கியது.

ஆடி மாதத்தில் அண்ணி தாமலிலிருந்து பேருந்தில் வந்தாள். ஒரு தூக்கு நிறைய வேர்க்கடலை உருண்டை. வைத்துவிட்டு வாசற்படியருகே நின்று அழுதாள்.

"நான் ஒரு வார்த்த சொன்னதுக்கு இப்பிடிப் பண்ணிட்டியேடி மல்லிகா."

"நீ சும்மா பேசின. எந்திரிக்காம குந்தினது நான்தானே?"

"அந்தக் கல்லக்காவ நாங்க யாரும் தின்னல. எல்லாத்தையும் வித்துட்டோம்."

"அப்ப இந்த உருண்ட?"

"இது கடைல வாங்குனது," என்று மூக்கைச் சிந்தினாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அன்று மாலை எனக்கு ஏதோ ஆயிற்று. ஏகாம்பரம் துணியைக் கட்டிவிட்டு, "எல்.சி. ரிட்டனா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

"இன்னா?"

"வேணாம். செப்டம்பர்ல அறுத்தே பாக்கட்டும். தெனம் இத்த வெச்சு, தெனம் ஒண்ணியும் இல்லன்னு பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

அவர் சமாதானம் சொல்லவில்லை. தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை. குமிழையும் தொடவில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். டிவியில் செய்தி முடிந்து வேறு ஏதோ தொடங்கியது. அடுப்பில் சாம்பார் ஆறியது. கட்டிய துணி காய்ந்துபோனது. அதைக் கவனித்தவர், எழுந்து போய் மறுபடி நனைத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போட்டுட்டுத்தான் போங்களேன், இன்னாத்துக்குக் காத்துக்கினு கீறீங்க?" என்று கத்தினேன்.

"நீ சொல்லாம நான் போடமாட்டேன். நீ சொல்லாம எடுக்கவும் மாட்டேன்."

கோபத்தில்தான் சொன்னேன். "ரிட்டன்." சொன்ன பிறகு, துடிப்பு வந்த ஒவ்வொரு முறையும், நிவேதா சொல்லிக்கொடுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கினேன். தூக்குவதாக நினைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த மாலையும் மறுக்கவில்லை.

ஆகஸ்டின் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. பள்ளியில் அன்று காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்துவிட்டுக் களைப்பாக வந்தேன். வழக்கம்போல் கூடம், துணி, கேள்வி, பதில். முப்பது துடிப்புகள் முடிந்தன. அவர் அணைத்துவிட்டுத் துணியை அவிழ்த்து, ஒயரைச் சுற்றத் தொடங்கினார். நான் பழக்கத்தில் இன்னொரு முறை தூக்கினேன். முடிந்துவிட்டது என்று என் காலுக்கு யாரும் சொல்லவில்லை.

கணுக்காலின் முன்புறம் ஒரு தசைநாண், தோலுக்கு அடியில் கயிறுபோல் புடைத்தது. பாதம் எழுந்தது. அதிகம் இல்லை. ஒரு விரல் பருமன் இருக்கும்.

நான் முதலில் கருவியைப் பார்த்தேன். "இன்னும் ஆன்ல கீதா?"

"இன்னாது?"

"கால்ல கரண்ட் வருது. பாருங்க."

அவர் கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என் காலை விட்டுத் தள்ளி, தரையில் உட்கார்ந்தார்.

"இப்பத் தூக்கு."

தூக்கினேன். எழுந்தது.

"இன்னொரு வாட்டி."

எழுந்தது. மூன்றாம் முறை களைத்துவிட்டது. நாண் மட்டும் லேசாகத் துடித்து அடங்கியது.

"மல்லி," என்றார்.  "கரண்ட் ஏங்கிட்ட கீது. அது ஒன்னுது."

அவர் அந்தப் பேட்டரியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே நிவேதாவுக்குப் போன் செய்தார். "ஒண்ணு வந்துச்சும்மா! ஒண்ணு இல்ல, ரெண்டு போடலாம்!" என்று மதிப்பெண் கேட்கும் தகப்பனைப்போல் பேரம் பேசினார். அவள், சனிக்கிழமை அழைத்து வாருங்கள், நானே பார்த்துப் போடுகிறேன் என்றாளாம். அறுவை பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும், பட்டையை இப்போதே கழற்றிவிடாதீர்கள், இன்னும் பல மாதங்கள் ஆகும் என்றாளாம். அவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணிக்குப் போன் செய்யப் போனார்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை கண் விழித்ததும், விளக்கைப் போடுவதற்கு முன், போர்வையை விலக்குவதற்கு முன், இடது பாதத்தைத் தூக்கினேன். இருட்டில் கால்மாட்டில் போர்வை அசைந்தது. பக்கத்தில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. இன்னொரு முறை தூக்கினேன்.